யானை முதல் பவர் சா வரை: மரம் வெட்டியவர்கள் பார்வையில் மெஷின்

அக்கவுண்டன்சி வகுப்பில் ஒரு மெஷின் வாங்கினால் என்ன செய்வோம்? சொத்துப் பக்கத்தில் எழுதுவோம், வருஷா வருஷம் தேய்மானம் கழிப்போம், கடைசியில் பழைய இரும்புக்கு விற்று கணக்கை முடிப்போம். அந்த மெஷினைக் கையில் பிடித்து வேலை செய்கிற ஆளுக்கும் தேய்மானம் உண்டு. அது எந்த லெட்ஜரிலும் வராது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். மரம் வெட்டும் தொழிலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், உலகத்திலேயே ஆபத்தான வேலைகளில் அதுவும் ஒன்று. அதில் ஒவ்வொரு புது மெஷின் வரும்போதும் தொழிலாளி என்ன நினைத்தார் என்பது பெரிய சுவாரஸ்யமான கதை.

மலையிலிருந்து உருட்டிய காலம்

நம்ம ஊர்க் கதையிலிருந்தே ஆரம்பிப்போம். பொள்ளாச்சி பக்கம் ஆனைமலையில் இருக்கும் டாப்ஸ்லிப்புக்கு நிறைய பேர் டூர் போயிருப்பீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? வெட்டின தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் வழுக்கி விடுவார்களாம். அதுதான் 'டாப் ஸ்லிப்'. மெஷினே கிடையாது, புவியீர்ப்பு விசைதான் மெஷின். 1850களில் ஆனைமலைத் தேக்கு பம்பாய் கப்பல் கட்டும் தளம் வரைக்கும் போனது. அதற்கப்புறம் ரயில்வே வந்தது, தண்டவாளத்துக்குக் கீழே போட ஸ்லீப்பர் கட்டை வேண்டும், இன்னும் மரம் வேண்டும் என்று ஆனது.

வெட்டுவது கோடாலியும் ரம்பமும். இழுப்பது யானை. குழி வெட்டிக் காட்டு யானையைப் பிடித்து, பழக்கி, சங்கிலி கட்டி மரத்தை இழுக்க வைத்தார்கள். அந்த யானைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் மலசர் பழங்குடியினர். டாப்ஸ்லிப் பக்கத்தில் கோழிகமுத்தி முகாமில் இன்றைக்கும் மாவுத்தர்கள் பலர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள்தான். யானைக்கு ரோடு போட வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். பக்கத்தில் நிற்கிற இளம் மரம் ஒடியாமல், பெரிய மரத்தை மட்டும் இழுத்துக்கொண்டு வரும். இதையெல்லாம் செய்கிற மெஷினை எவ்வளவோ காலம் யாராலும் உருவாக்க முடியவில்லை.

கொச்சி ராஜாவின் காட்டு டிராம்

ஆனைமலைக்கு அந்தப் பக்கம் பரம்பிக்குளம், அப்போது கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே தேக்கு நிறைய, ஆனால் கீழே கொண்டு வர வழி இல்லை. அதற்காகப் போட்டதுதான் கொச்சி ஃபாரஸ்ட் டிராம்வே. சாலக்குடி ரயில் நிலையத்திலிருந்து பரம்பிக்குளம் காடு வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 1907ல் ஓட ஆரம்பித்தது. சமஸ்தானத்தின் வனத்துறையை அப்போது நடத்தியவர் ஆல்வார் செட்டி. என்ஜின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மலைச்சரிவில் செய்த ஏற்பாடு. உச்சியில் ஒரு பெரிய உருளை, அதில் இரும்புக் கயிறு. ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரம் ஏற்றியது கீழே இறங்கும்போது காலி வண்டியை அதுவே மேலே இழுத்துவிடும். பிரேக் பிடிக்க மட்டும் ஆள் இருந்தால் போதும். நம்ம இரட்டைப் பதிவு முறை மாதிரி, ஒரு பக்கம் பற்று என்றால் இன்னொரு பக்கம் வரவு :-)

சரி, டிராம் வந்ததால் யானைக்கு வேலை போய்விட்டதா? அதுதான் இல்லை. வெட்டின இடத்திலிருந்து தண்டவாளம் வரை மரத்தை இழுத்து வர யானைதான் வேண்டும். முன்னைவிட அதிக மரம் வெளியே போக ஆரம்பித்ததால், வெட்டுகிறவருக்கும் யானைக்கும் வேலை கூடத்தான் செய்தது. ஒரு இடத்தில் மெஷின் வந்தால் அதற்கு முன்னால் இருக்கிற வேலையின் வேகத்தையும் அதுவே முடிவு செய்யும். வண்டி காத்திருக்கிறது, சீக்கிரம் வெட்டு. இது ஐ.டி. கம்பெனியில் இருக்கும் அண்ணன்மார்களுக்கு நன்றாகவே புரியும்.

இதே கொச்சி ராஜா காலத்தில் இன்னொரு விஷயமும் நடந்தது. சொரனூர்-கொச்சி ரயில் பாதைக்குப் பணம் போதாமல், திருப்பூணித்துறை கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார்களாம். யானை நகையை விற்று ரயில் விட்டிருக்கிறார்கள்!

காலம் மாறி லாரியும் ரோடும் வந்ததும் டிராம் நஷ்டத்தில் ஓடியது. 1963ல் அதன் கதை முடிந்தது. தண்டவாளம் போய்விட்டது. ஆனால் மொட்டையான மலைகள் அப்படியே நின்றன. அந்தக் காட்டையே நம்பியிருந்த காடர் மாதிரியான மக்களுக்கு அந்தக் கணக்கு முடியவில்லை.

புழு சொல்லிக் கொடுத்த ரம்பம்

இனி வெளிநாட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926ல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பம் செய்தார். 1929ல் பெட்ரோல் ரம்பம். அதன் எடை 46 கிலோ! இரண்டு பேர் தூக்க வேண்டும். மலைக்காட்டில் அதைத் தூக்கிக்கொண்டு போகிற ஆளுக்கு அதன் மேல் என்ன மரியாதை வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1959ல் வந்த மாடல் 12 கிலோதான், ஒரே ஆள் பிடிக்கலாம். அப்புறம்தான் கோடாலி நிஜமாகவே ஓரம் போனது.

சங்கிலியின் பல்லிலும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகானில் ஜோ காக்ஸ் என்ற மரம் வெட்டுபவருக்கு, ரம்பத்தின் பல்லை அடிக்கடி தீட்ட வேண்டியிருப்பது பெரிய எரிச்சல். 1946ல் ஒரு அடிக்கட்டையில் வண்டுப் புழு ஒன்று மரத்தைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். வலது பக்கம் ஒரு கடி, இடது பக்கம் ஒரு கடி. அதே மாதிரி பல்லை வைத்துச் சங்கிலி செய்தார். 1947ல் கம்பெனி ஆரம்பித்தார். இன்றைக்கு நம்ம ஊரில் மரம் அறுக்கிற பவர் சா சங்கிலியும் ஏறக்குறைய அதே வடிவம்தான். குறையைத் தெரிந்தவரே திருத்தியும் கொடுத்தார்.

இதன் இன்னொரு பக்கம் கசப்பானது. ஜப்பானில் அரசுக் காடுகளில் 1950களில் சங்கிலி ரம்பம் கொடுத்தார்கள். வேலை வேகமாக நடந்தது. கொஞ்ச வருஷத்தில் தொழிலாளிகளின் விரல்கள் மரத்துப்போய், குளிர் நேரத்தில் வெள்ளையாக மாற ஆரம்பித்தன. ரம்பத்தின் அதிர்வு விரலில் இருக்கும் ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுத்துவிடுகிறது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து போராடியபின் இது தொழில் நோய் என்று ஏற்கப்பட்டது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரம்பம் பிடிக்கக் கூடாது என்று வரம்பும் வந்தது. அதிர்வைக் குறைக்கும் கைப்பிடி 1960களில் வர ஆரம்பித்தது. அதாவது மெஷினைத் திருத்தியதில் இன்ஜினியருக்கு எவ்வளவு பங்கோ, "என் கை மரத்துப்போகுது" என்று சத்தமாகச் சொன்ன தொழிலாளிக்கும் அவ்வளவு பங்கு.

ஃபின்லாந்தின் வெட்டுக்காரர்

அடுத்த கட்டம் ஹார்வெஸ்டர். ஒரு ஆள் ஏ.சி. கேபினில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக் பிடிப்பார். இயந்திரக் கை மரத்தின் அடியைப் பிடித்து அறுத்து, அப்படியே சாய்த்து, உருளைகளுக்கு இடையே இழுத்து, கிளைகளைச் சீவி, நீளம் அளந்து துண்டு போட்டுவிடும். ஒரு மரத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. 1970களில் ஸ்வீடன், ஃபின்லாந்து பக்கம் இது வளர்ந்தது. இந்தத் துறையில் பெரிய பெயரான போன்ஸே கம்பெனியை 1970ல் ஆரம்பித்த ஐனாரி வித்கிரேன், வியரமா என்ற கிராமத்தில் மரம் வெட்டியவர். வாங்கிய வண்டிகள் காட்டில் தாக்குப்பிடிக்கவில்லை என்று அவரே ஒன்று செய்தார். கிராமத்தில் சுற்றிக்கொண்டிருந்த நாயின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார்!

இதே ஃபின்லாந்தில் 1990களில் ஆறு காலில் நடக்கும் மெஷின் ஒன்றையும் செய்து பார்த்தார்கள். சக்கரம் மண்ணை அழுத்திக் கெடுக்கிறது, கால் இருந்தால் கெடுக்காது என்பது யோசனை. அது விற்பனைக்கு வரவே இல்லை. நாலு காலில் நடக்கிற ஒன்று ஆனைமலையில் ஏற்கெனவே இருந்தது என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 12

இந்தியக் காடுகளில் ஹார்வெஸ்டர் வேலை செய்வதை நாம் பார்க்காததற்கு, இங்கே ஆள் கூலி குறைவு என்பது ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். நீலகிரி கூடலூர்ப் பக்கம் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. மத்திய அரசு ஒப்புக்கொண்ட வேலைத் திட்டம் இல்லாமல் நாட்டில் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது. காட்டுக்கு நல்லது. ஆனால் வடகிழக்கில் மரம் இழுத்த யானைகளும் அவற்றின் பாகன்களும் வேலை இல்லாமல் நின்றார்கள்.

சரியாக 20 வருஷம் கழித்து, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல். தாம்பரம் பக்கம் இருக்கும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வண்டலூர் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் எத்தனையோ மரங்கள், தெருத்தெருவாக வேப்ப மரமும் தூங்குமூஞ்சி மரமும் சாய்ந்து கிடந்தன. அந்த வாரம் எங்கே பார்த்தாலும் பவர் சா சத்தம். கரன்ட் திரும்ப வரவும் வழி திறக்கவும் அந்தச் சத்தம்தான் காரணம். ரம்பம் பிடித்தவர்களில் பலர் காலில் ரப்பர் செருப்பு, தலையில் ஒரு துண்டு. காதுக்கும் கண்ணுக்கும் ஒன்றும் இல்லை.

2023 மார்ச்சில் கோழிகமுத்தியில் கலீம் என்ற கும்கி யானை 60 வயதில் ஓய்வு பெற்றது. வனத்துறையினர் அணிவகுத்து நின்று மரியாதை செய்தார்கள், இனி அதற்கு வேலை கிடையாது, சாப்பாடு உண்டு. படிக்கும்போது மனசுக்கு நிறைவாக இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. வர்தா சமயத்தில் நமக்கு வழி திறந்துவிட்ட அந்த அண்ணன்களுக்கு ஓய்வு வயது என்ன?

மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 46 கிலோ ரம்பம் 12 கிலோ ஆனது நல்லதுதான். ஆனால் இந்தக் கதைகளில் மெஷின் நல்லபடியாக மாறியது பெரும்பாலும் அதைப் பிடித்தவன் பேசியபோதும், அவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தபோதும்தான். அடுத்த முறை உங்கள் தெருவில் மரம் அறுக்க ஆள் வந்தால், கூலி பேரம் பேசுவதற்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, கை எப்படி இருக்கிறது அண்ணே என்று கேட்டுப் பாருங்கள். பேலன்ஸ் ஷீட்டில் வராத ஒரு கணக்கு அவரிடம் இருக்கும்.