மேல்மாடிக்கு வந்த வாழ்வு

டெல்லியில் இருக்கும் நம்மவர்களுக்கு பர்ஸாத்தி என்றால் விளக்க வேண்டியதில்லை. மொட்டைமாடியில் ஒற்றை அறை, மே மாதம் கொதிக்கும், ஜனவரியில் நடுக்கும், வாடகை கம்மி. ஊரை விட்டு வந்த புதிதில் பலபேருக்கு அதுதான் வீடு. நியூயார்க்கின் புரூக்ளினிலும் இப்படி ஒரு மேல்மாடிக் கதை உண்டு. இன்று அங்கே பழைய பிரவுன்ஸ்டோன் தெருவில் "புதுப்பிக்கப்பட்ட மேல்தள அபார்ட்மெண்ட்" என்றால் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும். ஆனால் அந்தத் தளம் கட்டப்பட்டது வேறு ஆட்களுக்காக.

முதலில் கல்லைப் பார்ப்போம். பிரவுன்ஸ்டோன் என்பது மணற்கல். இரும்புச்சத்தால் வந்த பழுப்பு நிறம். பெரும்பகுதி கனெக்டிகட் மாநிலத்தின் போர்ட்லாண்ட் குவாரிகளிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் வந்தது. வீடு முழுவதும் இந்தக் கல் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே சாதாரணச் செங்கல் சுவர்தான், தெருப்பக்கம் மட்டும் சில அங்குலக் கனத்தில் கல் போர்வை. பார்க்கப் பணக்காரத்தனம், செலவு குறைவு. கல்லின் அடுக்குகளைப் படுக்கை வசத்தில் வைக்காமல் நிறுத்தி வைத்ததால் தண்ணீர் புகுந்து, குளிரில் உறைந்து, தோல் உரிவது போல உரியத் தொடங்கியது. போர்ட்லாண்ட் குவாரிகள் 1936 வெள்ளத்தில் மூழ்கின. இன்று பல முகப்புகளில் நீங்கள் பார்ப்பது கல்லே அல்ல, நிறம் கலந்த சிமெண்ட் பூச்சு.

வீட்டின் அமைப்பு 19ஆம் நூற்றாண்டுக் குடும்பத்தின் அந்தஸ்து வரிசைதான். வாசற்படிகள் ஏறினால் விருந்தினர் கூடம், உயரமான கூரை, பளிங்குக் கணப்பு. கீழே பாதித் தரைக்கு அடியில் சமையல். அதற்கு மேல் படுக்கையறைகள். உச்சியில், கூரை தாழ்ந்த தளத்தில், பிள்ளைகளும் வேலைக்காரர்களும். லிஃப்ட் இல்லாத வீட்டில் படி ஏற ஏற மதிப்பு குறைந்துகொண்டே போகும்.

1930களின் பொருளாதார மந்தத்தில் இந்தக் குடும்பங்களால் வீட்டைக் கட்டிக் காக்க முடியவில்லை. பல வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போயின. 1936இல் ஃபுல்டன் தெரு சுரங்க ரயில் திறந்தது. தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்களும் கரீபியன் தீவினரும் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதியில் அதிகமாகக் குடியேறினார்கள். 1938இல் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் தயாரித்த வரைபடத்தில் அந்தப் பகுதிக்குச் சிவப்பு நிறம், அதாவது கடன் கொடுக்க ஆபத்தான இடம். அங்கே கறுப்பினத்தவர் வசிப்பதே ஒரு காரணமாக எழுதப்பட்டது. வங்கிக் கடன் எட்டாதபோதும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடு வாங்கியவர்கள் உண்டு. மேல்தளத்தை வாடகைக்கு விட்டுத் தவணை கட்டினார்கள். பார்படோஸ் பெற்றோருக்குப் புரூக்ளினில் பிறந்த பால் மார்ஷல் என்ற எழுத்தாளர் 1959இல் வெளியிட்ட முதல் நாவலின் கரு இதுதான்: ஒரு அம்மா, ஒரு வீடு, அதை வாங்கியே தீரவேண்டும் என்ற வெறி. சொந்த வீட்டுக்காக ஆயுளில் பாதியை அடகு வைக்கும் நமக்கு அது புரியாததல்ல.

1963இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது நியூயார்க் விழித்துக்கொண்டது. 1965இல் நினைவுச் சின்னச் சட்டம் வந்தது. அதே ஆண்டு புரூக்ளின் ஹைட்ஸ் நகரின் முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. 1971இல் ஸ்டைவசன்ட் ஹைட்ஸ், 1973இல் பார்க் ஸ்லோப். படித்த நடுத்தர வர்க்கத்து இளம் தம்பதிகள் சல்லிசான விலைக்கு வீடு வாங்கி, பெயிண்டைச் சுரண்டி மரவேலைப்பாட்டை மீட்டார்கள். அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் இல்லையென்றால் பல தெருக்கள் இடிபட்டிருக்கும்.

ஆனால் அறைகள் மீண்டும் ஒரே வீடாக மாறியபோது அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் எங்கே போனார்கள்? பாதுகாப்புச் சட்டம் முகப்பைக் காக்கும், குடியிருப்பவரைக் காக்காது. வாடகை உயர்வுக்கு வரம்பு வைக்கும் சட்டம் பெரும்பாலும் 1974க்கு முன் கட்டிய, 6 அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள கட்டடங்களுக்குத்தான். மூன்று, நான்கு குடியிருப்புகள் கொண்ட பிரவுன்ஸ்டோன் வீடு அதில் வராது. சுரண்டிய பெயிண்டோடு சேர்ந்து ஒரு தலைமுறையும் வெளியே போனது. வேலைக்காரர் அறைக்குக் கூரையில் கண்ணாடி ஜன்னல் வைத்ததும் அதற்கு "வெளிச்சமான மேல்தளம்" என்று பெயர் வந்தது.

உங்கள் பிள்ளைகள் யாராவது அங்கே வேலைக்குப் போய் இப்படி ஒரு வீடு பார்த்தால் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டடத்தில் மொத்தம் எத்தனை குடியிருப்பு? கூரையை எப்போது செப்பனிட்டார்கள்? முதல் கேள்வியின் பதில் அடுத்த வருட வாடகையைச் சொல்லும், இரண்டாவது அடுத்த மழையைச் சொல்லும். முடிந்தால் மூன்றாவதாக, இதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள் என்றும் கேட்கலாம்.