சென்னை மழைநீர் வடிகால்களின் வரலாறு

சென்னை மழைநீர் வடிகால்கள் என்பவை, தெருக்களில் விழும் மழைநீரைத் திரட்டிக் கால்வாய்கள், ஆறுகள் வழியாக வங்கக் கடலில் சேர்க்கும் கட்டமைப்பு ஆகும். இவற்றைப் பெருநகர சென்னை மாநகராட்சி கட்டிப் பராமரிக்கிறது. வீடுகளின் கழிவுநீரைக் கொண்டுசெல்லும் பாதாளச் சாக்கடை இவற்றிலிருந்து வேறானது; அது சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பில் உள்ளது. ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் வடிகால்கள் நீட்டப்பட்டும் அகலப்படுத்தப்பட்டும் வந்துள்ளன. ஆயினும் நகரின் தாழ்வான பல தெருக்களில் மழை நின்ற பிறகும் நீர் நிற்கிறது. வடிகால்களின் அளவு மட்டும் இதற்குக் காரணமன்று. அவை எந்த நிலத்தின்மேல் கட்டப்பட்டன, எங்கே சென்று முடிகின்றன என்பவையும் காரணங்களாகும்.

நில அமைப்பு

சென்னை தட்டையான கடற்கரைச் சமவெளியில் அமைந்த நகரம். இதன் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6 முதல் 7 மீட்டர் மட்டுமே. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு ஆகிய மூன்றும் கிழக்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் வடக்குத் தெற்காக இவற்றை இணைக்கிறது. ஓட்டேரி நல்லா, விருகம்பாக்கம்-அரும்பாக்கம் கால்வாய், மாம்பலம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் போன்றவை தெரு வடிகால்களின் நீரை வாங்கி ஆறுகளிலோ பக்கிங்காம் கால்வாயிலோ சேர்க்கின்றன.

சரிவு குறைந்த நிலத்தில் நீர் மெதுவாகவே நகரும். கடல் ஏற்றத்தின்போது ஆற்று முகத்துவாரங்களில் வெளியேற்றம் மேலும் குறையும். 1870களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் கரையோர மணலின் நகர்வைத் தடுத்தது. அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா கடற்கரை அகன்றது. கூவத்தின் முகத்துவாரமும் மணல்திட்டால் அடைபடத் தொடங்கியது.

தொடக்க கால வடிகால்கள்

சென்னை மாநகராட்சி 1688இல் தோன்றியது. 19ஆம் நூற்றாண்டு வரை நகரின் தெருவோரத் திறந்த சாக்கடைகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகவே ஓடின. அக்காலத்தில் வடிகால் என்பது பெரிதும் சுகாதாரச் சிக்கலாகவே பார்க்கப்பட்டது. காலரா போன்ற நோய்களைத் தடுக்கக் கழிவுநீரை அகற்ற வேண்டும் என்பதே முதன்மை நோக்கமாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி காலத்தில் குடிநீர், பாதாளச் சாக்கடைத் திட்டங்கள் விரிவடைந்தன. கழிவுநீர் தனிக் குழாயில் செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு நிலைபெற்றபின், தெருவோர வடிகால்கள் மழைநீருக்கு உரியவையாயின. 1978இல் குடிநீர் வாரியம் உருவானபோது இப்பிரிவு நிருவாகத்திலும் உறுதியானது.

ஏற்பாடு இவ்வாறு இருந்தாலும் நடைமுறை வேறாக இருந்தது. பாதாளச் சாக்கடை எட்டாத பகுதிகளிலும், எட்டியும் இணைப்புப் பெறாத கட்டடங்களிலும் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் விடப்பட்டது. கோடையிலும் வற்றாத வடிகாலில் சகதி படிந்து, மழைக்கான இடம் குறைந்தது. அதைத் தூர்வாரும் பணி ஆண்டுதோறும் தொழிலாளர்களின் தலையில் விழுந்தது.

ஏரிகள் குடியிருப்புகளாதல்

பழைய சென்னையில் மழைநீரைத் தேக்கி வைத்தவை ஏரிகளும் குளங்களும் சதுப்பு நிலங்களும் ஆகும். மயிலாப்பூர், மாம்பலம், நுங்கம்பாக்கம் பகுதிகளை ஒட்டி, அண்ணா சாலைக்கு மேற்கே நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920இன் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின், 1923 முதல் மாம்பலம் ஏரிப் பகுதி வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்ற பெயர் மட்டும் எஞ்சியது. நுங்கம்பாக்கம் ஏரியும் பின்னர் தூர்க்கப்பட்டது; 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அந்த ஏரி நிலத்தில் நிற்கிறது.

மாம்பலம் கால்வாய் வள்ளுவர் கோட்டம் அருகே தொடங்கித் தியாகராய நகர் வழியாக நந்தனம் பக்கத்தில் அடையாற்றில் சேர்கிறது. ஏரியில் நின்ற நீர் முழுவதையும் இப்போது ஒரு குறுகிய கால்வாய் உடனுக்குடன் வெளியேற்ற வேண்டியுள்ளது. ஏரி நீரைத் தாங்கி வைக்கும். வடிகாலோ வந்த நீரைக் கடத்த மட்டுமே செய்யும். கடத்தும் வேகத்தைவிட மழை வேகமாகப் பெய்தால் மிஞ்சும் நீர் தெருவில் நிற்கும்.

தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் இதே நிலை ஏற்பட்டது. குடியிருப்புகள், சாலைகள், குப்பைக் கிடங்கு ஆகியவற்றால் அது பெருமளவு சுருங்கியது. எஞ்சிய பகுதி 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

வடிகாலின் கொள்ளளவு

ஒரு தெருவுக்கு எவ்வளவு பெரிய வடிகால் வேண்டும் என்பது மழையின் செறிவு, நீர் வந்து சேரும் பரப்பு, அப்பரப்பில் ஊறாமல் ஓடும் நீரின் விகிதம் ஆகிய மூன்றின் பெருக்கத்தால் கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 10 எக்டேர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்வதாகக் கொள்ளலாம். தோட்டமும் திறந்த மண்ணும் மிகுந்து, மழையில் 30 விழுக்காடு மட்டும் ஓடினால், வடிகாலுக்கு வரும் நீர் நொடிக்கு ஏறத்தாழ 420 லிட்டர். அதே இடம் கட்டடமும் சிமெண்டுத் தளமுமாக மாறி 70 விழுக்காடு ஓடினால், அது நொடிக்கு ஏறத்தாழ 970 லிட்டராகிறது. மழை கூடாமலே வடிகாலின் சுமை இரு மடங்குக்கு மேல் உயர்கிறது.

எல்லா மழையையும் தாங்கும்படி வடிகால் கட்டப்படுவதில்லை. இந்தியாவில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட நெறிமுறையின்படி, புறப்பகுதிக் குடியிருப்புகளில் ஆண்டுக்கு இருமுறையும், வணிகப் பகுதிகளில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் வடிகால் நிரம்பி வழிவது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே அரிய பெருமழையில் தெருவில் நீர் தேங்குவது வடிவமைப்பிலேயே எதிர்பார்க்கப்பட்டதாகும். தேங்கிய நீர் எத்தனை நாள் நிற்கிறது, யாருடைய வீட்டில் நிற்கிறது என்பதே மக்களைப் பொறுத்தவரை முதன்மையான கேள்வி.

சாலை போடும் முறையும் இதில் பங்கு வகித்தது. பழைய தார் அடுக்கின் மேலேயே புதிய அடுக்கு போடப்பட்டு வந்ததால் சாலைகள் உயர்ந்தன. பழைய வீடுகளின் வாசல்கள் தாழ்ந்தன. 2021இல் தமிழகத் தலைமைச் செயலர், பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய அடுக்கு போட வேண்டும் என உத்தரவிட்டார்.

வெள்ளங்களும் திட்டங்களும்

1943, 1976, 1985 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் ஆறுகளையும் பெருங்கால்வாய்களையும் பற்றிய ஆய்வுகளுக்கு வழிவகுத்தன. 2005 அக்டோபர் 27 அன்று பெய்த ஏறத்தாழ 27 செ.மீ. மழைக்குப் பின், தெரு வடிகால்கள் கவனம் பெற்றன. ஜவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் நிதியில் பழைய நகர்ப்பகுதிகளில் வடிகால்கள் கட்டப்பட்டன.

2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கி.மீ. அளவிலிருந்து 426 சதுர கி.மீ. ஆக விரிந்தது. அம்பத்தூர், வளசரவாக்கம், பெருங்குடி போன்ற புதிய பகுதிகள் பலவற்றில் முறையான வடிகால் இல்லை. இதற்காக ஆற்றுப்படுகை அடிப்படையில் திட்டங்கள் வகுக்கப்பட்டன. அடையாறு, கூவம் படுகைகளுக்கு உலக வங்கியும், கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கியும், கோவளம் படுகைக்கு ஜெர்மன் வளர்ச்சி வங்கியும் கடன் வழங்கின. கொசஸ்தலையாற்றுத் திட்டத்துக்கு 2021இல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புதல் பெற்றது. இதில் 588 கி.மீ. புதிய வடிகால்கள் திட்டமிடப்பட்டன. கோவளம் படுகையில் மாறுபட்ட எதிர்ப்பு எழுந்தது. மணற்பாங்கான கடற்கரையில் மழை தானே ஊறி நிலத்தடி நீராகிறது, அங்கே வடிகால் கட்டுவது நன்னீரைக் கடலுக்கு அனுப்புவதாகும் எனக் குடியிருப்போர் வாதிட்டனர். வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்றது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளின் வெள்ளம் தெரு வடிகால்களின் எல்லையைக் காட்டியது. 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரை புரண்டது. ஆற்றின் நீர்மட்டம் வடிகாலின் வாயைவிட உயரும்போது, வடிகால் எவ்வளவு அகலமாயினும் நீர் வெளியேறாது; தடுப்புக் கதவு இல்லாவிடில் ஆற்று நீரே அதன் வழியாகத் தெருவுக்குள் வரும்.

2021 நவம்பர் 6, 7 தேதிகளில் பெய்த 21 செ.மீ. மழையில் தியாகராய நகர், கொளத்தூர், புளியந்தோப்பு போன்ற பகுதிகளில் நாள்கணக்கில் நீர் நின்றது. ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. குழுவின் இறுதி அறிக்கை 2023 மார்ச்சில் அளிக்கப்பட்டது. இதற்கிடையே நகரெங்கும் வடிகால் பணிகள் விரைவாக நடந்தன. 2022 பருவமழையில் முன்பு மூழ்கிய தெருக்கள் பலவற்றில் நீர் விரைவில் வடிந்தது. அதே பணிக்காகத் தோண்டி மூடப்படாத பள்ளத்தில் விழுந்து உயிரிழப்பும் நேர்ந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, கடல் கொந்தளிப்பால் முகத்துவாரங்களில் வெளியேற்றம் தடைபட்டது. பள்ளிக்கரணை, வேளச்சேரி, வடசென்னைப் பகுதிகள் நீரில் தவித்தன. வடிகால்களுக்கு ஒதுக்கப்பட்டதாகப் பேசப்பட்ட 4,000 கோடி ரூபாய் அரசியல் விவாதமானது.

மீண்டும் குளங்கள்

அண்மைக்காலத்தில் நீரைக் கடத்துவதோடு தேக்கவும் மாநகராட்சி முயல்கிறது. பூங்காக்களுக்குள் மழைநீர் ஊறும் பள்ளங்கள் அமைக்கப்பட்டு, அவை ஸ்பாஞ்ச் பூங்காக்கள் என அழைக்கப்படுகின்றன. 2024இல் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகை நிலத்தை அரசு மீட்டு, அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. இவற்றின் கொள்ளளவு இழந்த ஏரிகளோடு ஒப்பிட மிகச் சிறியது. எனினும், தெருவோர வடிகால் தன் வேலையைச் செய்ய, அதற்கு முன்னால் நீரை ஏந்த ஓரிடமும் அதன் முடிவில் திறந்த வழியும் வேண்டும் என்பதை இப்பணிகள் நடைமுறையில் ஏற்றுக்கொள்கின்றன.