மீட்டர் எண்ணை யார் பார்ப்பது?

உங்கள் வீட்டின் பழைய மின் அட்டை இன்னும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மீட்டர் பெட்டிக்குள்ளோ சாமி படத்துக்குப் பின்னாலோ செருகியிருக்கும். கணக்கீட்டாளர் கையால் எழுதிய தேதி, ரீடிங், யூனிட், தொகை, ஓரத்தில் ஒரு கிறுக்கல் கையெழுத்து. நாம் எல்லாரும் தொகையைத்தான் முதலில் பார்ப்போம். ஒருமுறை தேதியை மட்டும் பாருங்கள். இரண்டு ரீடிங்குக்கு நடுவே எத்தனை நாள்?

நாளில் என்ன இருக்கிறது என்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீடு. 60-ம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட். 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணப்படி 1,605 ரூபாய். அதே வீட்டில் ஐந்து நாள் தள்ளி எடுத்தால் 520 யூனிட், 2,110 ரூபாய். 40 யூனிட்டுக்கு 505 ரூபாய் கூடுகிறது. 500-ஐத் தாண்டினால் மலிவான படி பறிபோய், 101-வது யூனிட்டிலிருந்தே கணக்கு மாறிவிடுவதுதான் காரணம்.

அடுத்த முறை 55 நாளிலேயே எடுத்துவிட்டால் 440 யூனிட்தானே வரும், சரிக்குச் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். அந்த 440-க்கு 1,365 ரூபாய். ஒழுங்கான தேதியில் எடுத்திருந்தால் நான்கு மாதத்துக்கு மொத்தம் 3,210 ரூபாய். இப்படி முன்பின்னாக எடுத்தால் 3,475. ஒரு பல்புகூட அதிகமாக எரியாமல் 265 ரூபாய் போய்விட்டது. அதன்பின் விகிதங்கள் மாறியிருக்கின்றன. 500-ல் இருக்கும் அந்தப் பள்ளம் மட்டும் மாறவில்லை.

ஆக, மீட்டர் சரியாக ஓடினால் மட்டும் போதாது. அதை யார், எப்போது, எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் பணம்தான். இந்தத் தகராறு மின்சாரத்தோடு கூடவே பிறந்தது.

நியூயார்க்கில் எடிசன் 1882-ல் மின்சாரம் விற்கத் தொடங்கினார். அவர் வைத்த மீட்டரில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. கண்ணாடிச் சாடியில் ஒரு கரைசல், அதற்குள் துத்தநாகத் தகடுகள். மாதம் ஒருமுறை ஆள் வந்து தகட்டைக் கழற்றிக் கொண்டுபோய் எடை போடுவார். எடை எவ்வளவு மாறியதோ அந்த அளவுக்கு பில். வாடிக்கையாளர் சரிபார்க்க வழியே கிடையாது. சொன்னதைக் கட்ட வேண்டியதுதான். ஜனங்களுக்கு அதில் நம்பிக்கை வராததில் ஆச்சரியம் என்ன? 1889-ல் புடாபெஸ்டின் கான்ஸ் கம்பெனியில் ஓட்டோ பிளாத்தி என்ற பொறியாளர் சுழலும் தட்டு வைத்த மீட்டரைக் கொண்டுவந்தார். நம் வீட்டுச் சுவரில் நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருந்த தட்டு அந்த வம்சம்தான். எண் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் எண்ணைப் பார்த்து எழுத ஒரு மனிதர் வாசலுக்கு வந்தாக வேண்டும்.

நகரத்தில் அது பெரிய பாடில்லை. ஒரு தெருவில் நூறு வீடு இருந்தால் ஒரு காலைப் பொழுது போதும். கிராமத்தில் என்ன செய்வது? அமெரிக்காவில் தனியார் கம்பெனிகள் பண்ணை வீடுகளுக்குக் கம்பி இழுக்கவே மறுத்தன. மைலுக்கு இரண்டு மூன்று வீடு இருந்தால் கட்டுப்படியாகாது என்றன. 1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்மயத்துக்குத் தனி நிர்வாகம் அமைத்தார். அதன் கடனுதவியில் விவசாயிகள் தாங்களே கூட்டுறவுச் சங்கங்கள் சேர்த்துக் கம்பம் நட்டார்கள். சங்கத்துக்கு ரீடிங் எடுக்க ஆள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை. பல சங்கங்களில் உறுப்பினரே மீட்டரைப் பார்த்து, ஒரு சீட்டில் எழுதி, பணத்தோடு தபாலில் அனுப்பிவிடுவார். நம் ஊரில் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே பல்லாண்டு நடந்தது, ஏனென்றால் ஏமாற்றினால் ஏமாறுவது தன் சங்கமே.

ஆனாலும் மறதி உண்டு, தவறு உண்டு, குறைத்து எழுதுவதும் உண்டு. எனவே தானியங்கி ரீடிங் என்ற யோசனை வந்தபோது அதை ஆவலோடு பிடித்துக்கொண்டவர்களில் இந்தக் கிராமச் சங்கங்கள் முக்கியமானவை. மினசோட்டா மாநிலத்தில் ஹன்ட் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் ஒரு முறையை உருவாக்கியது. அதற்கு வைத்த பெயர் 'டர்ட்டில்', அதாவது ஆமை. பொருத்தமான பெயர்தான். மீட்டர் தன் எண்ணை மின்கம்பி வழியாகவே, மிக மிக மெதுவாக, துணை மின்நிலையத்துக்கு அனுப்பும். ஒரு ரீடிங் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆகட்டுமே, நாளுக்கு ஒரு எண் போதாதா? தனி டவர் வேண்டாம், போன் லைன் வேண்டாம். மின்சாரம் போகும் இடமெல்லாம் செய்தியும் வரும். இன்னொரு லாபமும் கிடைத்தது: எந்த மீட்டரின் குரல் நின்றதோ அந்தப் பக்கம் கம்பி அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்தியாவிலும் இந்தக் கூட்டுறவு வழி முயன்று பார்க்கப்பட்டது. 1969-ல் கிராம மின்மயக் கழகம் தொடங்கப்பட்டதை ஒட்டி ஐந்து சங்கங்கள் முன்னோடியாக எடுக்கப்பட்டன: கர்நாடகத்தில் ஹுக்கேரி, இன்றைய தெலங்கானாவின் சிர்சில்லா, குஜராத்தில் கோடினார், மகாராஷ்டிரத்தில் முளா-பிரவரா, உத்தரப் பிரதேசத்தில் லக்னோ. சிர்சில்லாவும் ஹுக்கேரியும் அரை நூற்றாண்டு தாண்டி நின்றன. முளா-பிரவரா, வாங்கிய மின்சாரத்துக்கான பாக்கி மலையாகக் குவிந்து, 2011-ல் உரிமத்தை இழந்தது. வாங்கியது எவ்வளவு, உறுப்பினர் வீடுகளில் சேர்ந்தது எவ்வளவு, வழியில் கரைந்தது எவ்வளவு என்ற கணக்கு கைக்கு வராத சங்கம் தப்புவது கஷ்டம்.

தமிழ்நாட்டின் பாதை வேறு. 1927-ல் சென்னை மாகாண அரசு மின்துறையை அமைத்தது. 1930-களில் பைகாராவும் மேட்டூரும் வந்தன. 1957 ஜூலை 1-ல் பிறந்த மின்வாரியம் கிராமம் கிராமமாகத் தானே கம்பி இழுத்தது. பம்ப் செட் இணைப்பில் நாட்டுக்கே முன்னோடி என்று பெயர் வாங்கியது. ஆனால் வாரியத்தின் கண் ஓரிடத்தில் மூடிக்கொண்டது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. விவசாயிக்கு அது பெரிய உதவி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இலவசம் என்றதும் மீட்டரும் தேவையில்லை என்றாகிவிட்டது. மீட்டர் இல்லாமல் இணைப்புத் தரக்கூடாது என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 55-ம் பிரிவு சொல்கிறது. அதற்குப் பின்னும் வயல் மோட்டார்கள் குடிக்கும் மின்சாரம் பெரும்பாலும் உத்தேசக் கணக்குதான். உத்தேசத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம், கம்பியில் வீணாவது உட்பட.

வீடுகளைப் பொறுத்தவரை கணக்கீட்டாளரின் கால்களை நம்பித்தான் எல்லாமே ஓடியது. அந்தக் கால்கள் நின்றால் என்ன ஆகும் என்று 2020-ல் பார்த்தோம். ஊரடங்கில் ரீடிங் எடுக்க முடியவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாத ரீடிங்கை ஒன்றாக எடுத்து இரண்டாகப் பிரித்தபோது எழுந்த தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

இப்போது ஸ்மார்ட் மீட்டர் பேச்சு. ஒன்றிய அரசு 2021-ல் அறிவித்த திட்டத்தின் இலக்கு நாடு முழுவதும் 25 கோடி மீட்டர். தமிழ்நாட்டில் முதலில் ஒரு லட்சத்துக்கு மேல் பொருத்திப் பார்த்த இடம் சென்னை தியாகராய நகர். எனக்கு இதில்தான் வருத்தம். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தியாகராய நகரில் ரீடிங் எடுப்பது எளிது. பரமனந்தல் வழியாக ஜவ்வாது மலை ஏறிப் பாருங்கள். சாமை விளையும் சரிவுகளில் இங்கே நாலு வீடு, அங்கே ஆறு வீடு. ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு ஓர் ஓடையையும் ஒரு மேட்டையும் தாண்ட வேண்டும். மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் யாராவது செய்தி சொன்னால்தான் கீழே தெரியும். தானே எண் சொல்லும் மீட்டர் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். நகரத்து மீட்டர்களைப் போல மொபைல் சிக்னலை நம்பினால் மலையில் பலிக்காது. ஆமையைப் போலக் கம்பி வழியாகப் பேசுவது பலிக்கக்கூடும்.

நமக்கு இதில் என்ன கிடைக்கும்? 60-ம் நாள் என்றால் 60-ம் நாள்தான். மாதா மாதம் கணக்கெடுக்க வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்கும் ஆள் பற்றாக்குறை என்ற பதில் இருக்காது. வீடு பூட்டியிருந்ததால் 'டோர் லாக்' என்று சராசரி போடும் வழக்கம் போகும். டிரான்ஸ்பார்மரிலும் ஒரு மீட்டர் வைத்து வீடுகளின் கூட்டலோடு ஒப்பிட்டால் கசிவு எங்கே என்று தெரியும். வோல்டேஜ் குறைகிறது என்று மனு எழுதும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

சந்தேகங்களும் உண்டு. முன்பணம் கட்டும் மீட்டரானால், பணம் தீர்ந்ததும் இணைப்பு தானாகவே நிற்கும். “நாளைக்குக் கட்டிடறேங்க” என்று சொல்ல வாசலில் ஆள் இருக்க மாட்டார். மலைக் கிராமத்தில் ரீசார்ஜ் செய்ய எங்கே போவார்கள்? வெயிலில் அலைந்த கணக்கீட்டாளர்களுக்கு வேறு என்ன வேலை? எண் போனுக்கு மட்டும் வந்து, மீட்டரில் பார்த்தால் புரியாது என்றால் எடிசனின் துத்தநாகத் தகட்டுக்கே திரும்பிப் போனதாகும்.

மீட்டர் மாற்ற ஆள் வரும் நாளில் இதைச் செய்யுங்கள்: பழைய மீட்டரைக் கழற்றும் முன் அதன் கடைசி எண்ணையும், புதியதன் தொடக்க எண்ணையும், இரண்டின் வரிசை எண்ணோடும் போனில் படம் எடுத்து வையுங்கள். முதல் பில் வந்ததும் அந்த எண்களோடு ஒப்பிடுங்கள். அதுவரை, மாதத்தில் ஒரு நாள் நாள்காட்டித் தாளின் பின்னால் ரீடிங்கைக் குறித்து வந்தாலே 500 நெருங்குகிறதா என்று முன்கூட்டித் தெரிந்துவிடும்.