அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு முறை

அமெரிக்காவில் குடிமக்கள் அனைவருக்கும் பொதுவான அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. 65 வயதுக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோர் தாங்களோ குடும்பத்தாரோ வேலை பார்க்கும் நிறுவனத்தின் வழியாகவே காப்பீடு பெறுகிறார்கள். வேலை போனால் அதுவும் ஆட்டம் காணும்.

இந்தப் பிணைப்பை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. 1929இல் டல்லாஸ் நகரின் பெய்லர் மருத்துவமனை, ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கிக்கொண்டு 21 நாள் மருத்துவமனைச் சிகிச்சைக்கு உறுதியளித்தது. புளூ கிராஸ் எனப்படும் மருத்துவமனைக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு அதுவே வித்து. இரண்டாம் உலகப்போரின்போது ஊதிய உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆள் கிடைக்காமல் தவித்த நிறுவனங்கள் காப்பீட்டைச் சலுகையாகத் தந்து ஆள் சேர்த்தன. அதற்கு நிறுவனம் செலுத்தும் தொகைக்கு வரி இல்லை என்று 1954இன் வரிச் சட்டம் உறுதிசெய்ததும் போர்க்கால ஏற்பாடு நிலைத்துவிட்டது.

இதில் விடுபட்ட முதியோருக்கு மெடிகேர், வறியோருக்கு மெடிகெய்ட் என இரு திட்டங்களுக்கு 1965இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார்.

காப்பீடு கையில் இருந்தாலும் கவலை தீர்வதில்லை. மாதாமாதம் பிரீமியம் கட்டியபின்னும், 'டிடக்டிபிள்' எனப்படும் வரம்பு எட்டும்வரை பெரும்பாலான செலவு நோயாளியுடையதே. காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவரிடம் போனால் செலவு இன்னும் ஏறும். பட்டியலில் உள்ள மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு, பட்டியலில் இல்லாத மயக்க மருத்துவர் தனியே பில் அனுப்பிய கொடுமை நெடுங்காலம் நடந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடுத்தது. ஆனால் சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை அதில் சேர்க்கவில்லை. உயிருக்குப் போராடுபவர் எந்த வண்டியைத் தேர்ந்தெடுக்க முடியும்?

2023இல் நாட்டின் மருத்துவச் செலவு ஏறத்தாழ 4.9 லட்சம் கோடி டாலர். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 17.6 விழுக்காடு. இவ்வளவு செலவழித்தும் மக்களின் சராசரி ஆயுள் மற்ற செல்வ நாடுகளைவிடக் குறைவு.

அதிபர் ஒபாமா காலத்து 2010ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்கெனவே நோய் இருப்பதைக் காட்டிக் காப்பீட்டை மறுக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது. மெடிகெய்டை அதுவரை அதில் இடம்பெறாத வறியோருக்கும் விரிவாக்க வழிசெய்தது. விரிவாக்கத்தை மாநிலங்கள்மீது திணிக்க முடியாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, டெக்சாஸ், புளோரிடா உள்ளிட்ட மாநிலங்கள் ஒதுங்கிக்கொண்டன. தனியார் காப்பீட்டுக்கான அரசு மானியமோ பொதுவாக வறுமைக்கோட்டு வருமானம் உள்ளவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே, டெக்சாஸில் அந்தக் கோட்டுக்குக் கீழே சம்பாதிக்கும், பிள்ளையற்ற, உடல் ஊனமில்லாத நடுவயதுத் தொழிலாளிக்கு இரண்டு கதவுகளும் அடைத்தே கிடக்கின்றன.