ஐயம் வளர்த்த வானியல்

ஐயுறுதல் அறிவுக்குப் பகை என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். முன்னோர் எழுதி வைத்ததை வினவுவது அவர்தம் மாண்பைக் குறைப்பதாகும் என்பது அன்னாரின் கருத்து. ஆயின், முஸ்லிம் அறிஞர் பெருமக்கள் வானியலுக்கு ஆற்றிய தொண்டினைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, அத்தொண்டின் உயிர்நாடியே ஐயந்தான் என்பது புலனாகும். வாய்ச்சொல்லோடு நின்றுவிடாமல், கருவி கொண்டு அளந்து, கணக்கிட்டுத் தெளிந்த ஐயம் அது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த தாலமியை அரபு அறிஞர்கள் பத்லமியூஸ் என்பர். அவருடைய பெருநூல் ஒன்பதாம் நூற்றாண்டில் அரபியில் பெயர்க்கப்பட்டு, ‘அல்மஜிஸ்தீ’ என்னும் பெயரால் புகழ் பெற்றது. பூமி நடுவே நிற்க, ஞாயிறும் திங்களும் கோள்களும் அதனைச் சுற்றி வருகின்றன என்பது அவர் கொள்கை. பெரு வட்டத்தின்மீது சிறு வட்டம் ஏறிச் சுழலும் அமைப்பினைக் கொண்டு, எந்தக் கோள் எந்நாளில் எங்கு நிற்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கு பெரும்பாலும் வானத்தோடு ஒத்துவந்தமையால், ஆயிரம் ஆண்டுகட்கு மேல் அந்நூல் கோலோச்சியது.

813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீஃபா மாமூன் நூலைப் பெற்றதோடு மனநிறைவு அடைந்தாரல்லர். 828-ஆம் ஆண்டளவில் பக்தாதின் ஷம்மாஸிய்யாப் பகுதியிலும், பின்னர் திமிஷ்க் நகரின் காஸியூன் மலையிலும் வானை அளக்கச் செய்தார். ஞாயிற்றின் ஆண்டுப் பாதை வான நடுக்கோட்டுக்குச் சாய்ந்திருக்கும் அளவு 23 பாகை 51 கலை என்பது தாலமியின் கணக்கு. பக்தாதில் அளந்தோர் கண்டதோ 23 பாகை 33 கலை. இச்சாய்வு நூற்றாண்டுக்கு ஏறத்தாழ முக்கால் கலை வீதம் குறைந்து வருவதை இன்றைய வானியல் அறியும். எனினும், தாலமி சொன்ன அளவு அவர் காலத்துக்கே மிகையானது. இவ்வாறு அளந்து தொகுத்த அட்டவணைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘மும்தஹன்’ என்பதாகும். ‘சோதித்தறியப்பட்டது’ என்பது அதன் பொருள். நம் மதரஸாக்களில் தேர்வைக் குறிக்கும் ‘இம்திஹான்’ என்னும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததேயாம். தாலமியே தேர்வுக்கு அமர்த்தப்பட்டார் எனலாம்!

பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டில் ‘அஷ்ஷுக்கூக் அலா பத்லமியூஸ்’ என்றோர் நூலே யாத்தார். ஷக்கு என்பதன் பன்மையே ஷுக்கூக். ‘தாலமியின்மீது ஐயங்கள்’ என்பது நூற்பெயரின் பொருள். தாலமியைப் பெரிதும் மதித்தவர்தாம் அவர். ஆயினும், ஒரு கோளம் தன் மையத்தைப் பொறுத்துச் சீராகச் சுழலாமல், மையத்தை விட்டு விலகிய வேறொரு புள்ளியைப் பொறுத்துச் சீராகச் சுழல்வதாகத் தாலமி கொண்டதை அவரால் ஏற்க இயலவில்லை. கணக்கு சரியாக வரலாம்; மெய்யான பொருள் அவ்வாறு சுழலுமோ என்பதே அவர் தொடுத்த வினா.

அவ்வினாவுக்கு விடை தேடியோர் பலர். 1259-இல் தொடங்கப்பெற்ற மராகா வானாய்வுக் கூடத்தின் தலைவர் நஸீருத்தீன் தூஸி ஒரு வழி கண்டார். ஒரு வட்டத்தினுள்ளே அதில் பாதியளவுள்ள சிறு வட்டம் உருளுமாயின், சிறு வட்டத்தின் விளிம்பிலுள்ள புள்ளி நேர்கோட்டிலேயே முன்னும் பின்னும் செல்லும் என்று அவர் நிறுவினார். சீரான சுழற்சிகளை மட்டுமே கொண்டு கோள்களின் இயக்கத்தை விளக்க இது துணை புரிந்தது.

இனி, திங்களுக்கு வருவோம். தாலமியின் அமைப்பின்படி நிலவின் தொலைவு பூமியின் ஆரத்தைப்போல் ஏறத்தாழ 64 மடங்கிலிருந்து 33 மடங்கு வரை மாறுபடும். அஃதுண்மையாயின், சில அரைமதி நாட்களில் நிலவு வழக்கத்தினும் ஏறத்தாழ இருமடங்கு அகலமாய்த் தோன்றுதல் வேண்டும். அத்தகைய நிலவைக் கண்டவர் எவருமிலர்! திமிஷ்க் உமய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாகப் பணியாற்றி 1375-இல் மறைந்த இப்னுஷ் ஷாத்திர், இக்குறையைப் பெரிதும் களைந்து நிலவுக்குப் புதிய அமைப்பை வகுத்தார். 1543-இல் வெளிவந்த கோபர்நிக்கஸின் நூலிலுள்ள நிலவமைப்பும் இதுவும் கணித வகையில் ஒன்றே என்பதை 1957-இல் விக்டர் ராபர்ட்ஸ் என்னும் ஆய்வாளர் எடுத்துக் காட்டினார்.

‘எல்லாவற்றையும் நம்மவரே கண்டுபிடித்து விட்டனர்’ என்று மேடையில் முழங்குவோரையும் இதே அளவுகோலால் அளத்தல் முறையாகும். இப்னுஷ் ஷாத்திர் பூமியை நடுவிலிருந்து பெயர்த்தாரல்லர். ஞாயிற்றை நடுவில் வைத்தவர் கோபர்நிக்கஸ். 1609-இல் தொலைநோக்கியை வானின்பால் திருப்பி, அடுத்த ஆண்டு வியாழனின் நிலவுகளை உலகுக்கு அறிவித்தவர் கலிலியோ. அதற்கு முப்பது ஆண்டுகட்கு முன்னர், 1577-இல் இஸ்தான்பூலில் தகிய்யுத்தீன் நிறுவிய வானாய்வுக் கூடமோ, 1580-இல் சுல்தானின் ஆணையாலேயே இடித்துத் தகர்க்கப்பட்டது. முன்னோர் புகழைப் பாடுங்கால் இவ்வரலாற்றையும் மறைக்காது சொல்லுதலே அவர்கட்கு நாம் காட்டும் நன்றியாகும்.

இன்று முவக்கித்தின் பணியைக் கைபேசி செய்கின்றது. தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் நொடிப்பொழுதில் அது காட்டிவிடுகின்றது. நல்ல துணைதான், ஆயினும், அருகில் இரும்போ காந்தமோ இருப்பின் அதன் திசைகாட்டி பிறழும். அதனைச் சோதித்தறிய எளிய வழியொன்று உண்டு. ஆண்டுதோறும் மே 27 அல்லது 28-ஆம் நாளிலும், ஜூலை 15 அல்லது 16-ஆம் நாளிலும் நண்பகலில் ஞாயிறு கஅபாவின் உச்சிக்கு நேராக வந்து நிற்கும். இந்திய, இலங்கை நேரப்படி முன்னதில் அது பிற்பகல் 2 மணி 48 நிமிடம்; பின்னதில் 2 மணி 57 நிமிடம். அவ்வேளையில் முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டால், நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. நம் இல்லத்துப் பிள்ளைகளிடம் அக்கோலைக் கொடுத்து, கைபேசி காட்டும் திசையை அவர்களே சோதித்துப் பார்க்கச் செய்வோம்.