மாச்சு பிச்சுவும் பெயரற்றவர்களும்

தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,430 மீற்றர் உயரத்தில், அந்தீஸ் மலைமுகடொன்றில் அமைந்துள்ள மாச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தவர் யார் என்னும் வினாவுக்குப் பொது அறிவு நூல்கள் தரும் விடை ஒன்றே: 1911 இல், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிராம் பிங்காம். இவ்விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஆசிரியருள் நானும் ஒருவன்.

அவ்வாண்டு யூலை 24 ஆம் நாள் நிகழ்ந்ததை நோக்குவோம். பிங்காமுக்கு வழிகாட்டியவர் மெல்ச்சோர் ஆர்த்தேகா என்னும் குடியானவர். பெற்ற கூலி ஒரு சோல் நாணயம். மேலே, பண்டைய படிவரிசை வயல்களிலே குடும்பங்கள் பயிர்செய்து வாழ்ந்துகொண்டிருந்தன. களைத்து வந்தவருக்கு அவர்கள் நீரும் வற்றாளைக் கிழங்கும் அளித்தனர். இடிபாடுகளைக் காட்ட அங்கிருந்து உடன்சென்றவன் ஒரு சிறுவன். சுவரொன்றிலோ, அகுஸ்தின் லிசாராகா என்னும் பெயரும் 1902 என்னும் ஆண்டும் முன்னரே எழுதப்பட்டிருந்தன. மக்கள் உழுதுண்ட நிலம் எவ்வாறு 'மறைந்த நகரம்' ஆயிற்று? பல்கலைக்கழகம் அறியாததை உலகம் அறியாதது என்று கொள்வது அறிவுலகின் பழைய வழக்கமே. அகழ்ந்தெடுத்த பொருள்கள் யேலுக்குச் சென்றன. அவை பெருவுக்கு மீண்டது 2011, 2012 ஆம் ஆண்டுகளிலேதான்.

இனி, கட்டியவர் யார்? பச்சகுத்தி என்னும் இன்கா மன்னன் என்பர். இரும்புக் கருவியுமின்றி, சில்லு பூட்டிய வண்டியுமின்றிக் கருங்கல்லைச் செதுக்கி மலைமீது பொருத்தியவர்கள் 'மித்தா' என்னும் முறைப்படி அரசுக்கு உழைப்பையே வரியாகச் செலுத்திய குடிமக்கள். அவர்களின் திறன் கண்ணுக்குத் தெரியும் சுவரில் மட்டுமன்று, மண்ணுக்கடியிலும் உண்டு. பெருமழை பொழியும் அம்மலைச் சரிவிலே, ஒவ்வொரு படிவயலின் அடியிலும் பெருங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், அதற்கும் மேலே வளமண் என அடுக்கி நீரை வடியவிட்டனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நகரம் சரியாதிருப்பது இதனாலேயே. ஆயினும் இன்கா ஆட்சியைப் பொற்காலமாக்கிவிடுதல் பொருந்தாது. பிங்காம் குழுவினர் எடுத்த எலும்புகளை முதலில் ஆராய்ந்தவர் அவற்றுட் பெரும்பாலானவை பெண்களுடையவை என்றார். 'சூரியனின் கன்னியர்' என்ற கதை பரவிற்று. பிற்கால மறு ஆய்வு ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தமையைக் காட்டியது. 2023 இல் வெளியான மரபணு ஆய்வோ, அங்கே புதைக்கப்பட்டோர் பேரரசின் பல மூலைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட பணியாளர் என்பதற்குச் சான்று தந்தது. ஸ்பானியர் அதே மித்தாவைப் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆள்பிடிக்கும் கொடுமுறையாக்கினர்.

இன்று உல்லாசப் பயணிகள் இன்காப் பாதையில் நான்கு நாள் நடந்து, 4,200 மீற்றருக்கு மேற்பட்ட கணவாயொன்றைக் கடந்து அங்கு செல்கின்றனர். மூச்சுத் திணறும் அவ்வுயரத்தில் கூடாரத்தையும் அடுப்பையும் அரிசியையும் சுமந்து முன்னே விரைபவர்கள் கெச்சுவா மொழி பேசும் குடியானவர்கள். சுமை 20 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்ற சட்டம் 2001 இலேதான் வந்தது.

1943 இல் அவ்விடம் சென்ற சிலியின் கவிஞர் பாப்லோ நெரூடா, அக்கற்களை அடுக்கிய பெயரற்றவர்களை விளித்து நெடுங்கவிதை பாடினார். முற்போக்காளர் போற்றும் ஆக்கம் அது, நானும் போற்றுபவனே. ஆனால் அதே நெரூடா 1929 இல் கொழும்பிலே சிலியின் கொன்சலாக இருந்தவர். அவர் மறைந்தபின் 1974 இல் வெளிவந்த நினைவுக்குறிப்பிலே, தம் வீட்டு மலக்கூடத்தைத் துப்புரவு செய்ய வந்த, சாதியால் ஒதுக்கப்பட்ட தமிழ்ப் பெண்ணொருத்தியை மணிக்கட்டிற் பற்றி அழைத்துச் சென்று புணர்ந்ததையும், அவள் கண் திறந்தபடியே சிலைபோற் கிடந்ததையும் தாமே எழுதியுள்ளார். இதனை வன்புணர்ச்சி என்றன்றி வேறெவ்வாறு அழைப்பது? அவளது வெறுப்பு நியாயமானதே என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். அவள் பெயரை மட்டும் எழுதவில்லை.