அடிக்கடி 'கேஸ்ட்ரிக்' வருதா? கிருமியைக் காட்டிக்கொடுப்பது சாயம்தான்

ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் சாப்பிட்டு வயிறு எரிந்தால் குழம்பின் மேல்தான் பழி போடுவோம். "கேஸ்ட்ரிக்தான்" என்று சொல்லி, பார்மசியில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வோம். ஆனா அது திரும்பத் திரும்ப வந்தால், காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியாக இருக்கலாம். மலேசியாவில் நடந்த பல ஆய்வுகளில், இந்தக் கிருமி மலாய்க்காரர்களிடம் குறைவாகவும் இந்தியர்களிடம் அதிகமாகவும் காணப்பட்டது. அதனால் இது நமக்கு நெருக்கமான விஷயம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எண்டோஸ்கோப்பி செய்யும்போது மருத்துவர் இரைப்பையின் உட்சுவரிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளைக் கிள்ளி எடுப்பார். கிருமி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் 5 துணுக்குகள் வரை எடுப்பதுண்டு. ஆய்வகத்தில் அவற்றை மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 300-ல் ஒரு பங்குதான். சாயம் ஏற்றாமல் அதை அடையாளம் காண்பது கஷ்டம்.

என்னென்ன சாயம்?

• ஹெச் அண்ட் இ: எல்லா ஆய்வகத்திலும் உள்ள இளஞ்சிவப்பு, ஊதாச் சாயம். வீக்கம் நன்றாகத் தெரியும்; கிருமி கொஞ்சமாக இருந்தால் தப்பிவிடலாம்.

• கீம்சா: விலை குறைவு, வேகமானது. வளைந்த கிருமிகள் நீலமாகத் தெரியும்.

• வெள்ளிச் சாயம்: கிருமி கறுப்பாகும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1979-ல் ராபின் வாரன் இதை வைத்துத்தான் கிருமியைத் தெளிவாகப் பார்த்தார். அவரும் பேரி மார்ஷலும் 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

• எதிர்ப்பொருள் சாயம்: கிருமி மட்டும் பழுப்பாகும். துல்லியம் அதிகம், செலவும் அதிகம்.

'நெகட்டிவ்' வந்தால் நிம்மதியா?

எப்போதும் இல்லை. ஒமெப்ரசோல் போன்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமியின் எண்ணிக்கை குறைந்துவிடும். எந்தச் சாயத்துக்கும் சிக்காமல் போகலாம். அதனால்தான் அந்த மாத்திரையை 2 வாரம், ஆன்டிபயாட்டிக்கை 4 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனா நீங்களாக நிறுத்தாதீர்கள். பார்மசியில் வாங்கிய மாத்திரையையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

'பாசிட்டிவ்' வந்தால்?

பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-ல் இதைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது உண்மை. ஆனால் கிருமி உள்ள பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. சிகிச்சை பொதுவாக 14 நாள். மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள். முடித்து 4 வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ளுங்கள்.